பழையதைப் பேணுதல் பற்றா, அறமா?

இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள் இறுதியாக நிற்பது மிகுபொருள் விரும்பாமை. நிலம், மனை, பொன், தானியம், கால்நடை, பாத்திரம் என்று வகைப்படுத்தி, ஒவ்வொன்றிற்கும் ஓர் எல்லை கட்டிக்கொள்ளுமாறு நம் முன்னோர் பணித்தனர். அப்பட்டியலில் மடிக்கணினி இல்லை. ஆயினும், பிள்ளைகள் படிக்கும் இல்லங்கள் பலவற்றில் இன்று அது ஒன்றுக்கு இரண்டாக இருக்கக் காண்கிறோம். ஒன்று மேசையில், மற்றொன்று பரணில்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. பத்தாண்டு பழகிய கருவியைப் பழுது நீக்கி, உறுப்பு மாற்றி, மேலும் சில ஆண்டுகள் வைத்திருப்பது பற்றின் விளைவா, அறத்தின் விளைவா? “பழையதைக் கட்டிக்கொண்டிருப்பதே பற்று, விட்டொழிப்பதே துறவு” என்பர் ஒரு சாரார். “உழைக்கும் பொருளைக் கழித்துவிட்டுப் புதியது தேடுவதே லோபம்” என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் நம் நெறியின் சொற்களையே ஆள்கின்றனர். ஆதலின் இதனைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும்.

தமிழ்நாட்டில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிற்று. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்ய, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புப் பயின்றோர்க்கும், கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்க்கும், அடுத்து வந்த ஆண்டுகளில் 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. கணினியை அதுவரை கண்ணால் மட்டுமே கண்டிருந்த குடும்பங்கள் பலவற்றிற்கு அதுவே முதற்கணினி. அன்று அதனை மார்போடு அணைத்து வீடு வந்த மாணவர் இன்று சம்பாதிக்கும் வயதினர். கருவியோ, “ஓடவில்லை” என்ற ஒரே சொல்லோடு மூலையில் வைக்கப்பட்டுவிட்டது.

இத்தகைய ஒரு கருவி உருவாவதற்கு உலகம் கொடுக்கும் விலை சிறிதன்று. ஒரு மடிக்கணினியால் அதன் வாழ்நாள் முழுவதும் விளையும் கரியமில வாயுவின் பெரும்பகுதி, நாம் அதனை இயக்குங்கால் அன்று, அது உருவாகுங்காலத்தே வெளிப்பட்டுவிடுகிறது. மின்கலத்திற்கு வேண்டிய கோபால்ட் பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டுச் சுரங்கங்களினின்று வருகிறது. மண்ணைத் தோண்டும்போது மண்ணுயிரும், கழிவுநீரைப் பாய்ச்சும்போது நீருயிரும், காட்டை அழிக்கும்போது தாவர உயிரும் மடிகின்றன. கருவி இறந்த பின்னும் தீங்கு ஓய்வதில்லை. ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு உண்டாயிற்று. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடே. எஞ்சியவற்றுள் கம்பியை எரித்தும் அமிலத்தில் தோய்த்தும் உலோகம் பிரிக்கப்படுபவை உண்டு. அந்தப் புகையை மூச்சிழுப்போர் ஏழை எளியோரே.

“நான் சுரங்கம் தோண்டவில்லை, கம்பியை எரிக்கவில்லை” என்று நாம் விலகிக்கொள்ள இயலுமா? தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் என்னும் மூன்றனையும் வினைக்கு வாயிலாகக் கொள்வது நம் நெறி. தேவையின்றிப் புதியது வாங்குவோன் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் பங்கு கொள்கிறான்.

தூத்துக்குடிக்கு வடக்கே, மன்னார் வளைகுடாக் கரையில் தருவைகுளம் என்னும் மீனவர் ஊர் உள்ளது. ஆசிரியப் பயிற்சி மாணவியரின் கற்பித்தலைப் பார்வையிட அவ்வூருக்குப் பலமுறை சென்றிருக்கிறேன். மீன்பிடி தொழில் நம் நெறிக்கு உடன்பாடன்று. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் கரையில் அமர்ந்து வலையைச் செப்பனிடுவோரிடம் கற்கத்தக்க பண்பு ஒன்றுண்டு. நாலு கண்ணி அறுந்தமைக்காக வலையை எறிவாரில்லை. வலையை மடிமேல் இழுத்து இழுத்து, அறுந்த இடம் எது என்று கண்டு, அவ்விடத்தை மட்டும் முடிச்சிட்டுச் சேர்க்கின்றனர். பழுது எங்கே என்று தேடும் பொறுமையே அங்குத் தொழிலின் பாதி.

அவ்வூரில் என்னிடம் பயின்ற ஒருத்தியின் வீட்டில் விலையில்லாக் கணினி ஒன்று இருந்தது. “டீச்சர், விளக்கு எரியுது, திரை மட்டும் வரமாட்டேங்குது. பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமா?” என்றாள். பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர் மின்கலத்தைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, ரேம் எனப்படும் நினைவகப் பட்டையை வெளியே எடுத்தார். உப்புக்காற்றில் அதன் விளிம்பு கறை படிந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பச் செருகினார். திரை ஒளிர்ந்தது. இறந்துவிட்டது என்று தீர்ப்பளிக்கப்பட்ட ஒன்றுக்கு வேண்டியிருந்தது ஓர் அழிரப்பர்!

பயிற்சி ஆசிரியர்க்கு நாங்கள் கூறும் முதற்பாடம், வாசிக்கத் திணறும் குழந்தையை மந்தபுத்தி என்று முடிவு கட்டாதே என்பது. முதலில் அதன் கண்பார்வையைப் பார், பிறகு செவி, பிறகு அது காலையில் உண்டதா என்று கேள். எளிய காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கிய பின்னரே அரிய காரணத்திற்குச் செல்லவேண்டும். கணினிக்கும் அம்முறையே பொருந்தும். உயிர் வரவில்லையெனில் முதலில் சுவரிலுள்ள மின்செருகியைப் பார்க்க. பிறகு சார்ஜரை மாற்றிப் பார்க்க. பிறகு மின்கலத்தைக் கழற்றிவிட்டுச் சார்ஜரில் மட்டும் இயக்கிப் பார்க்க. சூடேறித் தானே அணைகின்றதெனில், விசிறியில் அடைந்த தூசியே பெரும்பாலும் காரணம். இணையதளங்கள் திறக்க மறுத்தால் தேதியைப் பார்க்க. உள்ளே காசளவில் ஒரு சிறு மின்கலம் உண்டு. அது தீர்ந்துவிட்டால் கணினி பழைய ஆண்டொன்றில் நின்றுவிடும். பாதுகாப்பான தளங்கள் அதனை நம்புவதில்லை.

மூடியைத் திறக்குமுன் மற்றொன்றையும் கருதவேண்டும். நெடுநாள் கிடந்த கருவிக்குள் எறும்பும் கரப்பானும் குடியிருத்தல் இயல்பு. மின்னிணைப்புக் கொடுக்குமுன் அதனைத் தட்டாமல், வெளிச்சம் படுமிடத்தில் திறந்து வைத்து, மென்தூரிகையால் உயிர்களை விலக்கிவிடுக. எப்பொருளையும் எடுக்கும்போதும் வைக்கும்போதும் நம் முனிவர் மயிற்பீலி கொண்டு காட்டும் எச்சரிக்கையின் ஒரு சிறு பகுதியாவது இல்லறத்தார் கையிலும் இருக்கவேண்டாவா?

பழுதின்றி ஓடியும் மெதுவாக இருப்பதே பலரின் குறை. பழைய கருவிகளில் சுழலும் வன்தட்டு உள்ளது. அதனை நீக்கிவிட்டு எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலாத சேமிப்பகத்தைப் பொருத்தினால், தொடங்க நிமிடக்கணக்கில் எடுத்துக்கொண்ட கருவி சில நொடிகளில் எழுந்து நிற்கும். இடமிருப்பின் 2 ஜி.பி. நினைவகத்தை 4 அல்லது 8 ஆக உயர்த்தலாம். வாங்குமுன் அக்கருவி ஏற்கும் உச்ச அளவையும் வகையையும் கேட்டறிக. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடித்துக்கொண்டது. பழைய கருவிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆனால் இதனால் அவை சாகவேண்டியதில்லை. விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் வகைகளுள் எளிய ஒன்றை நிறுவினால் எழுதவும் படிக்கவும் பாடக் காணொளி காணவும் அவை போதுமானவை. எதற்கும் முன்பாகக் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வைக்க மறவாதீர்.

இனி, முதல் சாராரின் கூற்றில் உள்ள உண்மையையும் ஏற்கவேண்டும். பேணுதலுக்கும் எல்லை உண்டு. மின்கலம் உப்பிவிட்டால் அதனை அழுத்தலும் குத்தலும் கூடாது, உடனே பயன்பாட்டை நிறுத்த வேண்டும், தீப்பற்றும் இடருண்டு. தாய்ப்பலகை பழுதாகி, செப்பனிடும் செலவு கருவியின் மதிப்பை மிஞ்சினால் விடைகொடுத்தலே தக்கது. அதனினும் முக்கியமாக, ஒருவரும் தொடாத கணினியைப் பரணில் வைத்துப் “பத்திரமாயிருக்கிறது” என்று மகிழ்வது பேணுதலன்று. அதுவே பற்று. பரிக்கிரகம் என்பது பொருளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. ‘எனது’ என்னும் மயக்கத்தில் இருக்கிறது.

ஆகவே அளவுகோல் பொருளின் வயதன்று, பயனே. கருவி யாரேனும் ஒருவர் கையில் உழைக்கின்றதா? ஆம் எனில், அதனைப் பேணுதல் அறம். நமக்கு வேண்டாவிடில் வேண்டுவோர்க்கு அளித்தல் அறம். படிக்கும் பிள்ளைக்கு அளிக்கும் கணினி சாத்திர தானத்தின் பாற்படும். ஆனால் பாதி ஓடும் கருவியைக் கொடுத்துவிட்டுத் தானம் என்று பெயரிடலாகாது. ஏழைக் குழந்தையின் வீட்டை நம் கழிவறையாக்குதல் அது. நாமே அமர்ந்து ஒரு வாரம் பயன்படுத்தி, குறையில்லை என்று கண்ட பின்னரே கொடுத்தல் வேண்டும். நம் கணக்கு விவரங்களையும் படங்களையும் முற்றாக அழித்துவிடுதலும் அவ்வளவே இன்றியமையாதது.

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஒன்று, கழிப்பதை உயிர்க்கு ஊறு நேராத இடத்தில் கழித்தல். விடுவதற்கும் ஓர் ஒழுக்கம் உண்டு என்பதே அதன் பொருள். இனி உழைக்காது என்று தெளிந்த கருவியைக் குப்பையிலோ, எரித்துப் பிரிப்போரிடமோ இடாமல், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேர்க்கவேண்டும். 2022இல் வெளியிடப்பெற்று 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், கழிவை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் மேலும் சுமத்தியுள்ளன.

அன்புடையீர்! இவ்வாரத்தில் ஒரு நாள் பரணில் ஏறிப் பாருங்கள். அங்கே உறங்கும் கணினியை இறக்கி, ஒரு மாணவரின் பெயரை அதற்குச் சூட்டுங்கள்; அல்லது முறைப்படி விடைகொடுங்கள். இரண்டில் எதுவாயினும், நம் விரதத்தின் எல்லைக்கோடு அந்தப் பரணிலிருந்தே தொடங்கட்டும்.