தாளில் பதியும் பெயர்

பலர் கூடிப் பயன்படுத்தும் பிரிண்டரிலிருந்து விழும் ஒவ்வொரு தாளிலும் அதை அச்சிட்டவர் பெயர் பதிய வேண்டுமென்று ஓர் அலுவலகம் விதிக்கும்போது, அது காகிதச் செலவைப் பற்றிய சாமானிய ஏற்பாடாகவே தோன்றினும், கர்மத்துக்கும் கர்த்தாவுக்கும் உள்ள சம்பந்தம் யாது என்ற புராதனமான வினாவே அங்கு எழுந்து நிற்கிறது.

கட்டளையிட்டவர் தம் மேஜையில் இருக்கிறார். தாளோ கூடத்தின் மறுகோடியில் விழுகிறது. செய்கையும் அதன் பலனும் இவ்வாறு இடத்தால் பிரிந்துவிட்டமையால்தான் நடுவே ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. பெயரைத் தாங்கி முதலில் வரும் முகப்புத் தாள், இஃது இன்னாருக்குரியது என்று அறிவித்துவிட்டுக் குப்பைக்கூடைக்குப் போய்விடும். அதில் யாதொரு ஆட்சேபமும் இல்லை. பக்கந்தோறும் அடியில் பதியும் பெயரோ, அத்தாள் அலுவலகத்தை விட்டு வெளியேறி, ஆண்டுகள் பல கடந்து, முன்பின் அறியாதவர் கையை அடைந்த பின்னும் சாட்சி சொல்லிக்கொண்டே இருக்கும்.

இதனினும் கொடியது கண்ணுக்குப் புலப்படாத அடையாளம். வண்ண லேசர் பிரிண்டர்கள் பல, மில்லிமீட்டரில் பத்திலொரு பங்களவான மஞ்சள் புள்ளிகளைத் தாள் முழுதும் இடுகின்றன. கள்ளநோட்டைத் தடுப்பதே அதற்குச் சொல்லப்படும் நியாயம். 2005-இல் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பினர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் டாக்யுகலர் பொறியொன்றின் புள்ளிகளை ஆராய்ந்து, பொறியின் வரிசை எண்ணும் அச்சிட்ட தேதியும் நேரமும் அவற்றில் பொதிந்திருப்பதைப் படித்துக் காட்டினர்.

யமனின் கணக்கரான சித்திரகுப்தரும் மறைவாகத்தானே கணக்கெழுதுகிறார் என்று வாதிக்கலாம். அவருடைய ஏடு ஒன்று உண்டென்பதைப் பக்தன் முன்னமே அறிவான். அறிந்தே செய்கிறான், அல்லது அஞ்சி விலகுகிறான். அவ்வேட்டில் பாபத்தோடு புண்ணியமும் ஏறுகிறது. மஞ்சள் புள்ளியோ, மனிதனிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே அவனைச் சந்தேகித்துத் தொடங்குகிறது; நற்செயல் புரிந்தவனைத் தேடி எவரும் அதைப் படிப்பதில்லை. மேலதிகாரியின் அநீதியை வெளியிடத் துணிந்து பெயரில்லாமல் ஒரு மனு அச்சிடும் எளிய குமாஸ்தாவின் மறைவு, திருடனின் மறைவோடு ஒன்றாக எண்ணத்தக்கதன்று.

அடையாள அட்டையுடன் பொறியண்டை வந்து நின்றாலன்றித் தாள் வெளிவராத ஏற்பாடு இன்று சில அலுவலகங்களில் உண்டு. கர்த்தா தன் கர்மத்தின் எதிரே நேரில் வந்துவிடுவதால் தாளில் பெயர் எழுத அவசியமே இல்லாமற் போகிறது. ஆதலின் அதையே சிலாக்கியமானதாகக் கருதுகிறேன். அப்போதும் பொறியின் கணக்கில் பெயர் இருக்கவே செய்யும். அக்கணக்கை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யார் யார் பார்க்கலாம் என்பதை ஊழியர் அனைவருக்கும் முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும்.