ஒருதலை நம்பிக்கை

நம்பிக்கை என்பது ஒருவர் மட்டுமே செலுத்தும் வரியா, இருவரும் கொடுத்து வாங்கும் பொருளா? இப்பழைய வினாவை நம் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசி இன்று புதிதாய் எழுப்புகின்றது.

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் நிற்கும் ஒருவருக்கு அவருடைய வங்கியின் பெயரால் குறுஞ்செய்தி வருகின்றதென வைத்துக்கொள்வோம். அஃது வங்கி அனுப்பியதுதானா? 2024ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் போலீசார் சிலரைக் கைது செய்தனர். போலி அலைக்கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாய்ச் சுற்றினர் என்பது அவர்கள்மீதுள்ள குற்றச்சாட்டு. அத்தகைய கருவி அருகிலுள்ள தொலைபேசிகளிடம் "நானே கோபுரம்" என்று பொய்யுரைக்கும். அவை நம்பி இணையும். பின்னர் எவர் பெயராலும் செய்தி அனுப்பலாம். அச்செய்தி தொலைபேசிக் கம்பெனியின் வழியே வாராமையால், கம்பெனி இட்ட தடைகளும் அதனைத் தடுக்கமாட்டா.

இவ்வஞ்சனை எங்ஙனம் இயலுகின்றது? இரண்டாந் தலைமுறைத் தொலைபேசி முறையில், தொலைபேசி தன்னை இன்னாரென்று கோபுரத்திற்கு மெய்ப்பிக்க வேண்டும். கோபுரமோ தன்னை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. மூன்றாந் தலைமுறை முதல் இரு தரப்பும் மெய்ப்பிக்க வேண்டுமென்ற விதி வந்தது. ஆயினும் போலிக் கோபுரம் தொலைபேசியைப் பழைய முறைக்கு இறங்கச் செய்து ஏமாற்றுகின்றது.

தோட்டத்து வாழ்வை அறிந்தோர்க்கு இவ்வேற்பாடு புதிதன்று. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டதும் தொழிலாளி பதில் கொடுக்க வேண்டும். கிராணியின் கணக்கைக் காட்டெனக் கேட்க அவனுக்கு உரிமை ஏது? துரையைக் கண்டால் சைக்கிளினின்று இறங்கவும் வேண்டும். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது, கூலி உயர்வோடு, அங்ஙனம் இறங்கும் வழக்கம் ஒழியவேண்டுமென்றுங் கோரினர். அவர்கள் மறுத்தது மரியாதையை அன்று, ஒருதலை மரியாதையை.

இன்றோ செயற்கை அறிவு இயந்திரம் சிறிது நேரப் பேச்சைக் கேட்டே மகன் குரலில் தாயிடம் பணங் கேட்க வல்லது. "எதையும் நம்பாதே" என்பர் சிலர். தாய் மகனை நம்பாதிருத்தல் வாழ்வாகுமா? ஏமாந்தவரை அறிவிலி என்று பழிப்பதும் முறையன்று. ஒருதலையாய் அமைத்தவர்க்கே முதற்பொறுப்பு. இருதலை மெய்ப்பை அவர்களிடம் நாம் கேட்டுப் பெற வேண்டும்.

அதுவரையில், பணங் கேட்கும் குரலைத் துண்டித்துவிட்டு, தாமறிந்த எண்ணுக்குத் தாமே அழையுங்கள். பணம் பறிபோயின், மோசடிப் புகாருக்கென 2022இல் ஏற்பட்ட 997 எண்ணை உடனே அழையுங்கள்.

நம்மை யாரென்று கேட்பதனை, "நீ யார்?" என்று திருப்பிக் கேட்பது அவமரியாதையன்று. விடை கூறாத கோபுரத்தின்முன் நாம் ஏன் சைக்கிளினின்று இறங்க வேண்டும்?