வராத பாக்கியும் ஜகாத்தும்

ரமளான் நெருங்கியதும் வியாபாரிகள் சிலர் பற்று வரவுப் பேரேட்டைப் புரட்டுகின்றனர். வராது என்று கைவிட்ட பாக்கிகளை அடித்துவிட்டு, "இதை ஜகாத்தில் கழித்துக்கொள்வோம்" என்கின்றனர். இது முறையா?

ஜகாத் என்பது நிய்யத்துடன் ஏழையின் கையில் ஒப்படைப்பது. வராத பாக்கியை அடிக்கும்போது நம் கையிலிருந்து எதுவும் போவதில்லை. ஆகவே கல்லாவிலும் சரக்கிலும் உள்ள பொருளுக்குரிய 40-ல் ஒரு பங்கை இவ்வாறு ஈடுசெய்ய முடியாது என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லும் இதுவே.

கடன்பட்டவர் மெய்யாகவே ஏழையானால் வழியுண்டு. நிபந்தனை ஏதுமின்றி ஜகாத்தை அவர் கையில் கொடுக்கலாம். அதைக் கொண்டு அவராகவே கடனை அடைத்தால் ஜகாத்தும் நிறைவேறும், கடனும் தீரும். திருப்பித் தரவேண்டும் என்று பேசிக் கொடுத்தால் அது ஜகாத் ஆகாது.

கணக்கில் அடிப்பது வேறு, மன்னிப்பது வேறு. பேரேட்டில் அடித்த பிறகும், பள்ளியில் அவர் பக்கத்து ஸஃப்பில் நின்றால் முகம் சுளிக்கிறோமே! நமக்கு அஞ்சி அவர் ஜமாஅத்துக்கே வராமலிருந்தால் அதற்குப் பொறுப்பாளி யார்?

சிரமத்திலுள்ளவருக்கு வசதி வரும்வரை அவகாசம் தரவும், விட்டுக்கொடுப்பது அதனினும் சிறந்தது எனவும் அல்பகரா 280-ஆம் வசனம் போதிக்கிறது. வசதியிருந்தும் இழுத்தடிப்பவருக்கு இச்சலுகை இல்லை. இல்லாதவருக்கு விடுவதானால், அவரிடமே சொல்லி விடுவோம்: "காக்கா, அந்தப் பாக்கியை அல்லாஹ்வுக்காக விட்டுவிட்டோம்." அது ஸதகா. ஜகாத்தைத் தனியே எண்ணிக் கொடுப்போம்.

மறுமையில் அல்லாஹ் நம் கணக்கை இலேசாக்குவானாக! ஆமீன்.