தப்பிப் போன யானைக்குக் கணக்கு ஏது?

யானையைச் சாய்க்க எந்தத் தோட்டா உத்தமம்? வேட்டைக்காரர்கள் நூறு வருடத்துக்கு மேலாக இதில் அடித்துக்கொள்கிறார்கள். சின்னத் தோட்டா போதும் என்ற கட்சிக்கு மூலவர் கரமோஜோ பெல். ஸ்காட்லாந்துக்காரர். ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர், அதில் பெரும்பகுதியை 275 ரிக்பி என்ற மெல்லிய தோட்டாவால். குண்டின் எடை 173 கிரெய்ன், பதினோரு கிராம்தான். எதிர்க்கட்சிக்கு ஜான் டெய்லர். 1948இல் வந்த தம் புத்தகத்தில் அவர் ஒரு சூத்திரமே கொடுத்தார்: குண்டின் எடை, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கி 7,000ஆல் வகுக்க வேண்டும். பெல்லின் தோட்டாவுக்குச் சுமார் 16 வரும். 375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்டுக்கு 40. முப்பத்திரண்டு கிராம் குண்டை உமிழும் 470 நைட்ரோ எக்ஸ்பிரஸுக்கு 70ஐத் தொடும்.

அந்த எண் எதை அளக்கிறது என்று கேட்பவர் குறைவு. மூளையில் படும் குண்டுக்குச் சூத்திரமே வேண்டாம். அங்கே பட்டால் சின்னக் குண்டும் போதும் என்பதை பெல் காட்டிவிட்டார். யானைத் தலையை ரம்பத்தால் அறுத்து, எந்தப் பக்கம் நின்று பார்த்தால் மூளை எங்கே இருக்கும் என்று பாடம் படித்தவர் அவர். டெய்லரின் எண், தலையில் பட்டும் மூளையைத் தவறவிட்ட குண்டு யானையை எந்த அளவுக்கு மயக்கிப் போடும் என்பதற்கானது. குறி தப்பியவனுக்கு இன்னொரு தரம் சுட அவகாசம் கிடைக்குமா என்கிற கணக்கு. யானையின் வேதனைக்கு அதில் இடமே இல்லை. உடனடி மரணம், கருணையுள்ள தோட்டா என்பதெல்லாம் சுடுகிறவனின் பயத்துக்குப் பூசிய சந்தனம்.

இரண்டு கட்சிக்கும் பொதுவான ஓட்டை ஒன்று உண்டு. சாட்சிக்கு வந்த யானைகள் எல்லாமே அங்கேயே விழுந்தவை. குண்டை உடம்பில் சுமந்துகொண்டு புதருக்குள் போய், சீழ் பிடித்துச் செத்தவற்றை யார் எண்ணினார்கள்? சின்னத் தோட்டாவை நம்பி மிதிபட்ட வேட்டைக்காரனும் புத்தகம் எழுதவில்லை. பெல் பிழைத்தார், எழுதினார். தேறியவர்களை மட்டும் கூப்பிட்டுத் தேர்வு சுலபமா என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்?

பாவத்துக்குக் கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. இலங்கையில் மேஜர் ராஜர்ஸ் என்றொருவர் 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். யானைப் பாவம் சும்மா விடவில்லை என்று பேச்சு. முதல் யானைக்கே விழ வேண்டிய மின்னல் 1,400 வரை ஏன் பொறுத்தது என்பதைப் பேசுகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

காயம்பட்ட விலங்கு நம் ஏட்டில் ஏறுவது, அது நம்மைத் தின்னத் தொடங்கிய பிறகுதான். சம்பாவத் பெண்புலி நேபாளத்திலும் குமாவோனிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. 1907இல் அதைச் சுட்ட ஜிம் கார்பெட் வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கத்துக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் போனதற்கு அதையே காரணமாகச் சொன்னார் அவர். யாரோ ஒருவன் சுட்டுவிட்டு, பட்டிருக்காது என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். அவன் தோட்டா எந்த அட்டவணையிலும் இல்லை. புலியைக் கொன்றதற்குக் கார்பெட்டுக்கு வந்த பரிசு எது தெரியுமா? ஒரு 275 ரிக்பி துப்பாக்கி.

ஜிம்பாப்வேயில் யானை, காட்டெருமை சுடக் குறைந்தது 5,300 ஜூல் ஆற்றலுள்ள தோட்டா வேண்டும் என்பது சட்டம். பெல் இன்று வந்தால் குற்றவாளி. சட்டத்தை நான் குறைசொல்ல மாட்டேன். எல்லாரும் பெல் இல்லை. ஆனால் தோளில் விழப்போகும் உதைக்குப் பயந்து, விசையை இழுக்குமுன்னே கண்ணை மூடுகிறவனுக்கு ஜூல் என்ன செய்யும்? ஆப்பிரிக்காவின் தென்பகுதி வேட்டை நிலங்களில் இன்னொரு வழக்கம் உண்டு. ஒரு சொட்டு ரத்தம் தரையில் கண்டாலே போதும், விலங்கு கிடைக்காவிட்டாலும் அதற்கான கட்டணம் முழுவதையும் கட்ட வேண்டும். தப்பிப் போன விலங்கைக் கடைசியில் கணக்கில் ஏற்றியது பில் புத்தகம்தான்.

நமக்கென்ன, 1972லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தாயிற்று என்று நிமிர்ந்து உட்கார வேண்டாம். கோவை மலையடிவாரத்தில் அவுட்டுக்காய் என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். தின்பண்டத்துக்குள் வெடிமருந்தைப் பொதிந்து பன்றித் தடத்தில் போடுவது. கடித்தால் தாடை சிதறும். பன்றிக்கு வைத்ததை யானையும் கடிக்கும். 2020இல் பாலக்காடு மாவட்டத்தில் சினையானை ஒன்று அப்படி வாய் சிதறி, ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது. நாடே அழுதது. அழுதவர்களில் எத்தனை பேர், அதே வெடியைக் கடித்த பன்றி சாக எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள்? கொல்வது பாவம் என்ற ஒற்றை வரியோடு நம் அறம் கடையைச் சாத்திவிடுகிறது. எதனால் சாகிறது, எவ்வளவு நேரத்தில் சாகிறது என்பதெல்லாம் கசாப்புக்காரன் பேச்சாகிவிடுகிறது. தோட்டாக்களை வரிசையாக நிறுத்திச் சண்டை போடும் வேட்டைக்காரன், தப்பான காரணத்துக்காகவாவது, அந்தக் கேள்வியின் பக்கத்தில் வந்து நிற்கிறான்.

2025 தொடக்கத்தில், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வயலில் இறங்கும் காட்டுப்பன்றியை வனத்துறையே சுடலாம் என்று தமிழக அரசு அறிவித்தது. பயிரை இழந்த உழவனின் வயிற்றெரிச்சல் நியாயமானது. சுடட்டும். எந்தத் தோட்டா, எவ்வளவு தூரம், முதல் குண்டில் விழுந்தவை எத்தனை, ரத்தத்தோடு கரும்புக்குள் ஓடியவை எத்தனை, தேடிப் போனது யார் என்று ஒவ்வொரு முறையும் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். உயிர்க்கொலை பாவம் என்கிறவர்கள் முதல் ஆளாகப் போய்ப் படிக்கட்டும்.