யாருடைய கீறல்?

எங்கள் தெருவில் ரயில்வே கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்றது அவர்தான். அவருடைய கணக்கு இன்னும் ஓய்வு பெறவில்லை. ஒரு நாள் மாலை பள்ளிக்கூடத்து நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"ஸார், நம்ம தெருவுல எத்தனை கார் நிக்குது தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"பதினொண்ணு. ஒரு வாரம் உக்காந்து பாத்தேன். தினம் வெளியே போறது மூணுதான். மிச்சம் எட்டும் வாரத்துக்கு ஒரு தடவை நகர்ந்தா பெரிசு. மத்த நேரமெல்லாம் அதுக்கடியில பூனை தூங்குது."

பிறகு விஷயத்துக்கு வந்தார். அவர் மகன் வாங்கிய சிறிய மின்சாரக் கார் ஒன்று வீட்டில் நிற்கிறது. மகன் வெளிநாடு போய்விட்டான். ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு மாதம் அதை முறை வைத்து ஓட்டிப் பார்ப்பது. வாடகை என்று ஒரு காசும் கிடையாது, மின்சாரச் செலவும் பராமரிப்பும் மட்டும் பங்கு. ஒத்து வந்தால் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்துகொண்டு, சங்கத்தின் பெயரிலேயே ஒரு கார் வாங்கிவிடுவது.

நல்ல யோசனை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்த வார்த்தை வேறு: "கீறல் விழுந்தா யார் பொறுப்பு?"

அவர் நோட்டைத் தட்டிக் காட்டினார். "இதுல எழுதணும் ஸார். அவ்வளவுதான்."

அவ்வளவுதானா என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சொந்தக் காருக்காகக் கொஞ்சம் வாதாடிவிடுகிறேன். நாளைக்கு ஒரு மணி நேரம் ஓடும் கார் இருபத்து மூன்று மணி நேரம் சும்மா நிற்கிறது. இது கணக்குப்படி பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் மனிதன் காரை வாங்கும்போது பிரயாணத்தை மட்டுமா வாங்குகிறான்? என் தகப்பனார் அவசரத்துக்கு அண்டை வீட்டாரின் சைக்கிளை இரவல் வாங்குவார். திருப்பிக் கொடுக்கும்போது சைக்கிள்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். சற்றே குனிந்து, சக்கரத்தை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வை முடிகிற வரையில் என் தகப்பனார் நின்றுகொண்டே இருப்பார். நமது நடுத்தரக் குடும்பங்கள் கடன் பட்டாவது ஒரு கார் வாங்குவது அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்கத்தான் என்று நான் நினைக்கிறேன். யாரையும் கேட்க வேண்டாம். யாரும் குனிந்து பார்க்கமாட்டார்கள். இது அற்பமான ஆசை அல்ல. கேட்டுக் கேட்டுக் கூசிப்போனவர்களின் பிள்ளைகளுக்கு நியாயமான ஆசை.

அப்படியானால் நாம் பகிர்ந்துகொள்ளத் தெரியாதவர்களா? தாம்பரத்துக்காரர்களைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. 1931-ஆம் ஆண்டிலேயே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. புகை விடாத வண்டியில் பலர் சேர்ந்து போவதுதான் புதுமை என்றால், அந்தப் புதுமை நமக்கு மிகவும் பழையது. ரயிலை விட்டு இறங்கினால் ஷேர் ஆட்டோ. முன்பின் அறியாத நான்கு பேரின் முழங்கால்கள் இடிக்க, மடியில் காய்கறிப் பையோடு சேலையூருக்கும் மேடவாக்கத்துக்கும் போகிறோம். ஒருவரும் முகம் சுளிப்பதில்லை.

முன்பின் அறியாதவர்களோடு பங்கு போட்டுக்கொள்வது எளிது. நாளைக்கு அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. அண்டை வீட்டாரோடுதான் கஷ்டம். அவர் ஞாபகம் வைத்திருப்பார். "அன்னிக்கு வண்டியைத் துடைக்காம விட்டாரே" என்பது பத்து வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் எழுந்து வரும்.

ஆனாலும் இதே மண்ணில் அண்டை அயலார் பங்கு போட்டுக்கொண்டுதான் வாழ்ந்திருக்கிறார்கள். சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் என்று நாம் இன்று முகவரியில் எழுதும் பெயர்களெல்லாம் ஏரிகளின் பெயர்களும்கூட. நாம் வீடு கட்டியிருக்கும் மனைகளில் பல, ஒரு காலத்தில் ஏரிப் பாசன வயல்கள். ஏரிப் பாசனம் என்றால் முறைத் தண்ணீர். இன்று உன் வயலுக்கு, நாளை என் வயலுக்கு. அந்த விவசாயிகள் ஒருவரை ஒருவர் அதிகமாக நேசித்துவிட்டதால் தண்ணீர் பங்கானது என்று எண்ண வேண்டாம். வரப்புத் தகராறில் மண்டை உடைத்துக்கொண்டவர்கள்தான். அதனால்தான் மதகைத் திறக்கும் வேலையை நிலக்காரர் கையில் விடாமல் நீர்க்கட்டி என்று தனியே ஒருவரை வைத்தார்கள். பல ஊர்களில் அவர் நிலமில்லாதவர். தனக்கென்று வயல் இல்லாதவன் பாரபட்சம் காட்டமாட்டான் என்பது ஏற்பாடு.

அதில் ஒரு கறையும் உண்டு. தண்ணீரை நியாயமாகப் பிரித்துக் கொடுத்தவனுக்கு நிலத்தில் பங்கு கிடையாது. பங்கு என்று பேச ஆரம்பித்தாலே, பங்கில்லாதவன் யார் என்ற கேள்வியும் நிழல்போல் கூடவே வந்துவிடுகிறது.

எங்கள் தெருவிலும் வந்தது. நான்கு சொந்த வீட்டுக்காரர்கள் சேர்ந்தாகிவிட்டது. ஐந்தாவதாகப் பள்ளி ஆசிரியை ஒருவர் பெயர் கொடுத்தார். வயதான தாயாருடன் மாடிப் பகுதியில் வாடகைக்குக் குடியிருப்பவர். ஓட்டுநர் உரிமம் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. "குடித்தனக்காரங்க நாளைக்கே காலி பண்ணிட்டுப் போயிடுவாங்களே" என்றார் ஒருவர். நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுத்தாளன் மௌனமாக இருந்தால் ஏதோ ஆழ்ந்து சிந்திக்கிறான் என்று பிறர் எண்ணிக்கொள்கிறார்கள். அந்தச் சலுகையை அன்று நான் உபயோகித்துக்கொண்டேன். பெரியவர் மட்டும், "போனா கணக்கை முடிச்சுக் குடுத்துடலாம். அதுக்குத்தானே கணக்கு?" என்று சொல்லி ஆசிரியையின் பெயரை எழுதிக்கொண்டார்.

பெரியவருடைய நம்பிக்கைக்கு நம் ஊரிலேயே வம்சாவளி உண்டு. 1904-ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துக்காரர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கினார்கள். அதற்கு முன்மாதிரி, 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் இருபத்தெட்டுப் பேர் சேர்ந்து திறந்த கடை. சரியான எடை, கலப்படமில்லாத சரக்கு, பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. இவை சாதாரண விதிகள். மகான்கள் கூடியிருந்தால் இவை தேவைப்பட்டிருக்காது.

காரையே பங்கு போட்டவர்களும் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் 1965-இல் சில இளைஞர்கள் சைக்கிள்களுக்கு வெள்ளை வர்ணம் பூசி, பூட்டாமல், யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்று தெருவில் விட்டார்கள். சைக்கிளைப் பூட்டாமல் விடுவது சட்ட விரோதம் என்று போலீஸார் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தத் திட்டத்தில் இருந்த லூத் ஸ்கிம்மெல்பெனிங்க் என்பவர் பாடம் கற்றுக்கொண்டு, 1974-இல் அதே ஊரில் விட்கார் என்ற மூன்று சக்கர மின்சார வண்டியைக் கொண்டுவந்தார். இந்த முறை கூட்டுறவுச் சங்கம், அங்கத்தினர், சாவி எல்லாம் இருந்தன. ஆனால் வண்டியை எடுக்கவும் விடவும் தேவையான நிலையங்கள் நினைத்த அளவு பெருகவில்லை. 1980-களில் அது நின்றுபோயிற்று. ஸ்விட்சர்லாந்தில் 1987-இல் தொடங்கிய இரண்டு சிறிய கார்ச் சங்கங்கள் 1997-இல் ஒன்றாகி, மொபிலிட்டி என்ற பெயரில் இன்றும் கூட்டுறவாகவே ஆயிரக்கணக்கான கார்களை ஓட்டுகின்றன. ஆக, காரியம் நடக்காததும் அல்ல; தானாக நடப்பதும் அல்ல.

நம் ஊரில் இதற்கு இன்னொரு சங்கடம். மின்சாரக் காருக்குப் பச்சைப் பலகை. அதில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த உபயோகம். மஞ்சள் எழுத்து என்றால் வாடகை. என்னுடையது, வாடகையுடையது என்று இரண்டு நிறம் இருக்கிறது. நம்முடையது என்பதற்கு இன்னும் நிறம் கண்டுபிடிக்கவில்லை.

புகையைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சிறிய மின்சாரக் கார் நூறு கிலோமீட்டர் போக ஏறக்குறைய பன்னிரண்டிலிருந்து பதினைந்து யூனிட் பிடிக்கும். அந்த மின்சாரத்தில் முப்பந்தலின் காற்றும் இருக்கிறது. வடசென்னை அனல் மின் நிலையத்தின் நிலக்கரியும் இருக்கிறது. சேலையூரில் நாம் சுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது, எண்ணூர்ப் பக்கத்தில் கொசஸ்தலையாற்றின் கரையில் இருப்பவர்கள் சாம்பலோடு மல்லாடுகிறார்கள். ஆகவே மின்சாரக் கார் வாங்கிவிட்டதாலேயே ஒருவன் புண்ணியவானாகிவிட முடியாது. ஐந்து வீட்டுக்கு ஒரு கார் என்றால், தோண்டப்படாத தாது, செய்யப்படாத நான்கு பாட்டரிகள், அடைபடாத நான்கு கார் அளவுத் தெரு இவை மிச்சம். புண்ணியம் பாட்டரியில் இருப்பதைவிடப் பங்கில்தான் அதிகம் இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன் என்பதை இனிச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வாரம். மைத்துனரைக் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் ஏற்றிவிட்டு இரவு பதினொரு மணிக்குத் திரும்பினேன். எங்கள் தெரு முனையில் ஒரு வீட்டுக்காரர் மதில் ஓரமாகக் கல் ஒன்றை நட்டு வைத்திருக்கிறார். இடது பக்கம் 'கிரீச்' என்றது. இறங்கிப் பார்த்தேன். பின் கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

பெரியவர் வீட்டு கேட்டுக்குள் ஆணியில் நோட்டுத் தொங்கிற்று. தேதி, பெயர், புறப்பட்ட கிலோமீட்டர், வந்த கிலோமீட்டர் எல்லாம் எழுதினேன். கடைசிக் கட்டம் 'குறிப்பு'. அதில் "ஒன்றுமில்லை" என்று எழுதினேன். மனிதர்களின் பொய்களைப் பற்றி எத்தனையோ பக்கம் எழுதியவன், தன் பொய்யை ஒரே வார்த்தையில் எழுதி முடித்தேன். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று மனத்துக்குச் சமாதானம். காலையில் எழுந்ததும், மாலையில் சொல்லலாம் என்று தோன்றிற்று.

மாலையில் போய் நோட்டைப் புரட்டினேன். அன்று காலை ஆசிரியை தம் தாயாரைக் குரோம்பேட்டைக்கு வைத்தியத்துக்கு அழைத்துப் போயிருந்தார். குறிப்புக் கட்டத்தில் சிறிய, வகுப்பறைக் கையெழுத்தில் இப்படி இருந்தது: "பின் கதவில் கீறல். எங்கே பட்டது என்று தெரியவில்லை. எனக்கு முன்னால் 'ஒன்றுமில்லை' என்று இருப்பதால் என் கையில்தான் நேர்ந்திருக்க வேண்டும். செலவை என் கணக்கில் எழுதவும்."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே மாமியார் உடைத்த குடத்துக்கு மருமகள் தானே கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஏன்? அந்த நோட்டை அந்தப் பெண் நம்பினாள். அதைவிட, ஒரு கீறல் என்றால் தெருவில் எல்லோருடைய கண்ணும் முதலில் எங்கே போகும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. குனிந்து சக்கரத்தைப் பார்க்கும் அந்தப் பழைய பார்வையிலிருந்து தப்ப, செய்யாத குற்றத்தை ஏற்றுக்கொள்வதே மேல் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அப்படித் தோன்றச் செய்தவர்களில் நானும் ஒருவன். அன்றைய என் மௌனத்துக்கும் அதில் பங்கு உண்டு.

"ஒன்றுமில்லை" என்பதை அடித்துவிட்டு, "கீறல் என்னால். மறைத்தேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மாடி ஏறி அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். "பரவாயில்லை ஸார், ராத்திரி நேரம்தானே" என்று எனக்காக அவளே காரணம் தேடினாள். பெரியவர் நோட்டைப் படித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "கணக்கு சரியாயிடுச்சு" என்றார்.

மாதக் கடைசிக் கூட்டத்தில் அவர் இரண்டு விதிகளைச் சேர்த்தார். எடுப்பதற்கு முன் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து எழுத வேண்டும். ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு சிறு தொகை பொது நிதியில் போட வேண்டும். கீறல், நசுங்கல் எல்லாம் அதிலிருந்தே சரி செய்யப்படும். "செலவு பயம் இல்லேன்னா எழுதிடுவாங்க ஸார்" என்றார். தப்புச் செய்கிறவர்களுக்குச் சலுகையா என்று ஒருவர் கேட்டார். நான் இந்த முறை வாய் திறந்து, உண்மை சொல்கிறவர்களுக்குச் சலுகை என்றேன்.

நல்லவர்கள் சேர்ந்தால்தான் பொதுச் சொத்து நிலைக்கும் என்று நெடுங்காலமாக எண்ணியிருந்தேன். நல்லவர்கள் சேரும்வரை காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. சேர்ந்த பிறகும் என்னைப் போன்றவர்கள் உள்ளே இருப்பார்கள். சாதாரண மனிதன் உண்மை சொல்வதற்குக் கொடுக்க வேண்டிய விலையைக் கொஞ்சம் குறைத்து வைப்பதுதான் நல்ல சங்கத்தின் வேலை என்று இப்போது எண்ணுகிறேன். திருவல்லிக்கேணித் தராசும், ஏரி மதகின் முறையும், எங்கள் தெரு நோட்டும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. அன்பு பிறகு வரலாம். வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் கார் ஓடும்.

எங்கள் சங்கம் இன்னும் பதிவாகவில்லை. காகிதங்கள் நடந்துகொண்டிருக்கின்றன. கீறலைச் சரி செய்துவிட்டோம். ஆனால் அந்தப் பக்கத்தை மட்டும் கிழிக்க வேண்டாம் என்று பெரியவரிடம் கேட்டுக்கொண்டேன்.

"கணக்கு நோட்டுல பக்கம் கிழிக்கிற வழக்கமே கிடையாது ஸார்" என்றார் அவர்.