முட்டு பிரிக்கும் நாள்

சீடன்: ஐயா, நாடாண்டவர்களில் சிலரை மட்டும் வரலாறு பெரியவர்கள் என்கிறது. அவர்களுக்கு இணையாக உழைத்தவர்களையும், அவர்களைவிட அதிகம் வென்றவர்களையும் அடிக்குறிப்போடு நிறுத்திவிடுகிறது. எதை வைத்து இப்படிப் பிரிக்கிறது? வெற்றியா, நல்ல மனமா, மக்கள் வைத்த அன்பா?

குரு: வெற்றிதான் அளவென்றால் பிஸ்மார்க்குக்கு மேல் ஆள் கிடையாது. சிதறிக் கிடந்த ஜெர்மன் அரசுகளை மூன்று போர்களுக்குள் ஒன்றுசேர்த்து 1871இல் பேரரசாக்கியவர். ஆனால் அவர் அமைத்த ஆட்சியில் தலைமை அமைச்சர் பதவியில் நீடிப்பது பேரரசரின் விருப்பத்தைப் பொறுத்தது. நாடாளுமன்றத்தால் அவரை இறக்க முடியாது. கிழப் பேரரசர் இருந்தவரை அது ஓடியது. 1890இல் இளம் பேரரசர் பிஸ்மார்க்கை வீட்டுக்கு அனுப்பினார். அதுவரை அவருடைய சாமர்த்தியம் ஒன்றே தாங்கிவந்த பாரத்தைத் தாங்க அப்புறம் யாரும் இல்லை. வீட்டுக்குக் கான்கிரீட் தளம் போடுவதைப் பார்த்திருப்பாய். அடியில் பலகை வைத்து முட்டுக் கொடுத்திருக்கும்வரை எந்தத் தளமும் நிற்கும். கொத்தனாரின் கைவேலை தெரிவது முட்டு பிரிக்கும் நாளில்தான். தலைவன் நாட்டுக்குக் கொடுத்த முட்டு. அவன் எவ்வளவு பாரம் தாங்கினான் என்று அவன் காலத்தவர்கள் பார்க்கிறார்கள். அவனை எடுத்த பிறகு எது நிற்கிறது என்று வரலாறு பார்க்கிறது.

சீடன்: அலெக்சாண்டர் கண்மூடியதும் அவர் பேரரசு துண்டு துண்டானது. அவரை ‘மகா’ என்று சொல்லித்தானே படிக்கிறோம்?

குரு: அது படை நடத்தியவனுக்குக் கொடுத்த பட்டம். நாம் பேசுவது நாடு நடத்தியவர்களைப் பற்றி. அதை விடு.

சீடன்: தலைமுறைக்குத் தலைமுறை வரலாற்றாசிரியர்கள் தீர்ப்பை மாற்றி எழுதுகிறார்களே?

குரு: எழுதட்டும். எழுதுகிறவர்கள் மாறினாலும் விழுந்த தளம் எழுந்துவிடாது.

சீடன்: அப்படியானால் உங்கள் அளவையே எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் 1865 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1877இல் மத்திய அரசு தென் மாநிலங்களைக் கைகழுவியது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் வாக்குரிமை அங்கே படிப்படியாகப் பறிபோனது. 1896இல் உச்ச நீதிமன்றமே ப்ளெஸ்ஸி வழக்கில் நிறப்பிரிவினையைச் சட்டப்படி சரி என்றது. முட்டு பிரித்த பன்னிரண்டாம் ஆண்டிலேயே தளம் சரிந்துவிட்டது. ஒன்று, லிங்கன் சிறியவர். அல்லது, இறந்தவர்மேல் இருப்பவர்களின் குற்றத்தைச் சுமத்தும் உங்கள் அளவு தவறு.

குரு: இது கேட்க வேண்டிய கேள்வி. முதலில் எது விழுந்தது, எது விழவில்லை என்று பிரித்துப் பார்ப்போம். 1863 ஜனவரி 1ஆம் தேதி வெளியான அடிமை விடுதலைப் பிரகடனம் ஒரு போர்க்கால ஆணை. படைத்தலைவர் என்ற அதிகாரத்தில், கிளர்ச்சி நடந்த பகுதிகளுக்கு மட்டும் பிறப்பித்தது. போர் முடிந்தால் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லக்கூடும் என்பது வழக்கறிஞரான லிங்கனுக்குத் தெரியும். அது அவர் உயிரும் அவர் படையும் தாங்கிய வெறும் முட்டு. அதனால்தான் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 1864 ஜூனில் பிரதிநிதிகள் சபையில் திருத்தம் தோற்றது. மறுதேர்தலில் வென்ற கையோடு, புதிய சபை கூடும்வரை காத்திருக்காமல் பழைய சபையிலேயே ஆள் ஆளாகப் பிடித்து 1865 ஜனவரி 31இல் நிறைவேற வைத்தார். மாநிலங்கள் டிசம்பரில் அதை உறுதி செய்தபோது அவர் உயிரோடு இல்லை. அந்தப் பதின்மூன்றாவது திருத்தம் இன்றும் நிற்கிறது. அதன்மேல் 1868இல் பதினான்காவதும் 1870இல் பதினைந்தாவதும் எழுந்தன. தென் மாநிலங்கள் அவற்றைச் செயல்படாமல் முடக்கின. சட்டத்திலிருந்து எடுத்தெறிய மட்டும் முடியவில்லை. பள்ளிகளில் நிறப்பிரிவினை கூடாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு பதினான்காவதன்மேல் நின்றது. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் பதினைந்தாவதன்மேல் நின்றது. போராடியவர்கள் புதிதாக அஸ்திவாரம் தோண்ட வேண்டியிருக்கவில்லை. நீ சொன்ன சரிவு உண்மை, கொடியதும்கூட. ஆனால் சரிந்தது சுவர், தளம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. இறந்த பிறகு நடப்பதெல்லாம் தலைவனின் பொறுப்பாகாது என்றாயே, அதை ஒப்புக்கொள்கிறேன். பூகம்பத்துக்குக் கொத்தனார் என்ன செய்வார்? ஆகவே வரலாறு இன்னும் நுட்பமாகப் பார்க்கிறது: தப்பிக்க வழியிருந்தும், தான் உயிரோடு இருக்கும்போதே முட்டைத் தளர்த்திச் சோதித்தானா? 1864 கோடையை எடுத்துக்கொள். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொள்ளவிருந்த உள்நாட்டுப் போர் முடிவு தெரியாமல் இழுத்தது. அந்த ஆண்டு நவம்பரில் தேர்தல். நாடே இரண்டாகக் கிடக்கும்போது தேர்தல் எதற்கு என்று தள்ளிவைத்திருந்தால் காரணம் கேட்டவர்களில் பாதிப்பேர் சமாதானமாகியிருப்பார்கள். நாடாளுமன்றத்தின் தாய் எனப்படும் பிரிட்டனே இரண்டாம் உலகப் போரில் 1935க்குப் பிறகு 1945வரை பொதுத்தேர்தல் நடத்தவில்லை. லிங்கன் தள்ளிவைக்கவில்லை. ஆகஸ்ட் 23ஆம் தேதி, தான் தோற்பதே அநேகமாக உறுதி என்றும், அப்படித் தோற்றால் வென்றவரோடு சேர்ந்து பதவி மாறும் நாளுக்குள் ஒன்றியத்தைக் காக்க முயல்வது தன் கடமை என்றும் ஒரு தாளில் எழுதினார். உள்ளே இருப்பதைக் காட்டாமலே அமைச்சர்களிடம் அதன் பின்புறத்தில் கையெழுத்து வாங்கினார். எதிரணி நிறுத்தவிருந்தவர், லிங்கனே படைத்தலைமையிலிருந்து நீக்கிய மெக்கிளெலன். செப்டம்பரில் அட்லான்டா வீழ்ந்தது, காற்று மாறியது, லிங்கன் வென்றார். வென்றது அவ்வளவு முக்கியமில்லை. தோற்கப்போகிறோம் என்று நம்பிய ஒருவர் தேர்தலை நடக்கவிட்டார் என்பதே முக்கியம்.

இதற்கு நேர் எதிரே டிட்டோவை வைத்துப் பார். தனக்குப் பின் என்ன என்று யோசிக்காதவர் இல்லை அவர். யூகோஸ்லாவியாவின் 1974 அரசியல் சட்டத்தில் ஆறு குடியரசுகளும் இரண்டு தன்னாட்சி மாகாணங்களும் முறைவைத்துத் தலைமை ஏற்கும் கூட்டு அமைப்பு எழுதப்பட்டிருந்தது. காகிதத்தில் அழகான வரைபடம். ஆனால் அவருக்கு மட்டும் பதவிக்காலத்துக்கு வரம்பில்லை. 1980 மே மாதம் அவர் இறக்கும்வரை, தன்னை மீறிய ஒரு முடிவை அந்த அமைப்பு எடுத்து அதை அவர் ஏற்கும் நிலை வரவில்லை. ஈரம் காய்ந்ததா என்று யாரும் தட்டிப் பார்க்காத தளம். 1991இல் குடியரசுகள் பிரியத் தொடங்கின. கடன் சுமையும் இனவெறி பேசிய வாரிசுகளும் காரணம்தான். ஆனாலும் விரிசல் கண்ணில் பட்டிருந்தால் பூசுவதற்கு அவருக்குச் செல்வாக்கு இருந்தது. பார்க்கும் ஏற்பாடுதான் இல்லை. இரண்டு தவணை முடிந்ததும் 1797இல் ஊருக்குத் திரும்பிய வாஷிங்டனும், ஒரே தவணையோடு 1999இல் விலகிய மண்டேலாவும் தங்களுக்கு அடுத்தவர் ஆள்வதை உயிரோடு பார்த்தார்கள்.

சீடன்: ஒன்று பாக்கியிருக்கிறது, ஐயா. லிங்கன் வரம்புக்கு உட்பட்டவர் என்கிறீர்கள். அதே லிங்கன்தான் 1861இல் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்தினார். தலைமை நீதிபதி டேனி அது சட்டவிரோதம் என்றபோது காதில் போட்டுக்கொள்ளவில்லை. குடிமக்களை ராணுவ நீதிமன்றங்கள் விசாரித்தன.

குரு: அதை மறுக்கமாட்டேன். நாடாளுமன்றம் 1863இல் அனுமதி கொடுத்தது என்று அவருக்காக வாதாடலாம். அதற்குமுன் போன இரண்டு ஆண்டுக்கு அந்த வாதம் உதவாது. இந்தியானாவில் ராணுவ நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்த மில்லிகன் என்பவரின் வழக்கு 1866இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வழக்கமான நீதிமன்றங்கள் திறந்திருக்கும் இடத்தில் குடிமக்களை ராணுவம் விசாரித்தது செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அப்போதிருந்த நீதிபதிகளில் ஐந்து பேர் லிங்கன் நியமித்தவர்கள். தீர்ப்பை எழுதிய டேவிட் டேவிஸ், 1860இல் லிங்கனை வேட்பாளராக்க முன்னின்று பாடுபட்ட நண்பர்.