வாக்கைக் காப்பதா, உயிரைக் காப்பதா?



உமது சிநேகிதர் ஒருவர் வந்து, "யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணும்" என்கிறார். நீரும் வாக்குக் கொடுக்கிறீர். பிறகு அவர், வாழ மனமில்லை, உயிரை விட்டுவிடத் தீர்மானித்துவிட்டேன் என்கிறார். இப்போது உமது கடமை என்ன?

வாக்குத் தவறாமை புண்ணியமே. பிறர் அந்தரங்கத்தைத் தெருவில் பரப்புவது பாவமே. ஆயினும் இரகசியம் எதற்காகக் காக்கப்படுகிறது? அதை ஒப்புவித்தவருடைய நன்மைக்காக அன்றோ? அதுவே அவருடைய உயிருக்கு மோசமாகும்போது, அந்த வாக்கு உம்மைக் கட்டாது. "பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் எக்காலமும் சொல்வதில்லையே?" என்பீர். அந்த முத்திரை அத்திருவருட்சாதனத்துக்கே உரியது. திண்ணையில் கேட்ட பேச்சுக்கு அது பொருந்தாது.

ஆகையால் சொல்லும், ஆனால் உதவக்கூடியவரிடம் மட்டும் சொல்லும். முதலில், "சாக நினைக்கிறீரா?" என்று அவரிடமே தெளிவாய்க் கேளும். கேட்டால் இல்லாத எண்ணம் உண்டாகிவிடும் என்பது வீண் பயம். வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்தும். அவரைத் தனியே விடாதேயும். 2022-ஆம் ஆண்டு முதல் அரசு நடத்திவரும் 14416 என்ற தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். ஆபத்து கண்முன் நின்றால் 108-ஐ அழையும்.

"போலீஸ் வழக்காகுமே, குடும்ப மானம் போகுமே" என்று அஞ்சுவோர் பலர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, அவருக்குச் சிகிச்சை அளிப்பது அரசின் கடமை என்கிறது.

குடிநோயிலும் இதே மானம் உயிருக்கு உலை வைக்கிறது. நெடுநாள் மிகுதியாய்க் குடித்தவரை அறையில் பூட்டித் திடீரென்று நிறுத்தச் செய்தால், இரண்டு மூன்று நாளில் வலிப்பும் சித்தத் தடுமாற்றமும் வரக்கூடும், உயிரும் போகக்கூடும். அவரை வீட்டில் மறைத்து வைப்பது அன்பாகாது. மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்வதே அன்பு.

"செபித்தால் போதாதா?" என்பாரும் உண்டு. செபியும். ஆனால் மருத்துவரை மதிக்கவேண்டும், அவரும் சர்வேசுரனுடைய படைப்பே என்று சீராக் ஆகமம் 38-ஆம் அதிகாரம் போதிப்பதையும் நினையும். காலொடிந்தவனை வைத்தியரிடம் தூக்கிச் செல்லும் நாம், மனமொடிந்தவனை மட்டும் வீட்டில் வைத்துச் செபிப்பது ஏன்?

சொல்லிவிட்டதற்காகச் சிநேகிதர் உம்மைச் சிலகாலம் வெறுக்கலாம். வெறுக்கவாவது அவர் உயிரோடு இருப்பாரே! அவர் அறியாமல் சொல்லாதேயும்; "உமக்காகச் சொல்லப்போகிறேன், நானும் கூட வருகிறேன்" என்று சொல்லிவிட்டே செய்யும்.

இனி எவரேனும் உம்மிடம் சத்தியம் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு கொடாதேயும். "உமக்கு உதவ வேண்டியவரிடம் தவிர வேறெவரிடமும் சொல்லேன்" என்று மறுமொழி சொல்லும். நீர் தவறாமல் காக்கக்கூடிய வாக்கு அதுவே.